தாளில் பிறந்த மகன்கள்: சீனர்களின் கடல் கடந்த பயணமும் பாஸ்போர்ட்டின் கதையும்

1888 அக்டோபர் 8ஆம் தேதி பெல்ஜிக் என்ற நீராவிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு வந்தது. அதில் இருந்த சாய் சான் பிங் அமெரிக்காவுக்குப் புதியவர் இல்லை. 1875 முதல் 12 ஆண்டுகள் அந்த ஊரில் உழைத்துப் பிழைத்தவர். 1887 ஜூனில் சீனாவுக்குக் கிளம்பும்போது, திரும்பி வர உரிமை உண்டு என்று அமெரிக்க அரசு தந்த சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். திரும்பும்போதும் அது பத்திரமாகக் கையில் இருந்தது. ஆனால் அவர் நடுக்கடலில் இருந்தபோதே, அக்டோபர் 1ஆம் தேதி, ஸ்காட் சட்டத்தில் அதிபர் க்ளீவ்லாண்ட் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வகைச் சான்றிதழ்கள் எதுவும் இனிச் செல்லாது என்றது சட்டம். சாய் சான் பிங்கைக் கரையில் இறங்க விடவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1889 மே மாதம் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் எழுதிய தீர்ப்பு, எந்த அந்நியரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்பது ஒரு நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட விஷயம் என்றது. ஏற்கெனவே கொடுத்த அனுமதியையும் அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் சொன்னது. அந்த நேரத்தில் இதேபோன்ற சான்றிதழோடு அமெரிக்காவுக்கு வெளியே இருந்த சீனர்கள் சுமார் 20,000 பேர். கடை, கூலி பாக்கி, சீட்டுப் பணம், கூட்டாளிகள் எல்லாவற்றையும் அங்கே விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் அந்நியர்கள் ஆனார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் அடித்தளமாக அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பாஸ்போர்ட்டின் வரலாற்றைப் பொதுவாக முதல் உலகப் போரில் இருந்து தொடங்குவார்கள். போர்க்காலத்தில் ஒற்றர் பயத்தில் ஐரோப்பிய நாடுகள் எல்லைகளை இறுக்கின, போர் முடிந்தபின் 1920இல் பாரிஸில் கூடி ஒரே மாதிரியான பாஸ்போர்ட் புத்தகத்துக்கு வடிவம் கொடுத்தன என்று கதை போகும். அது உண்மைதான். போருக்கு முன் ஓர் இத்தாலியரோ ஐரிஷ்காரரோ பாஸ்போர்ட் இல்லாமலே நியூயார்க்கில் இறங்கிவிட முடிந்தது. ஆனால் இன்று விசா வாங்கும்போது நாம் எதிர்கொள்கிற பல விஷயங்கள், அதாவது புறப்படும் முன்பே நடக்கிற விசாரணை, தூதரக முத்திரை, புகைப்படம், நம்மைப் பற்றிய கோப்பு, 'நீ சொல்வது உண்மை என்று நிரூபி' என்கிற தொனி எல்லாம், அதற்கு 30, 40 ஆண்டுகள் முன்பே சீனர்கள்மீது நடைமுறைக்கு வந்துவிட்டவை. உலகப் போர் அவற்றை எல்லோருக்கும் பொதுவாக்கியது. சோதனை எலிகளாக இருந்தவர்கள் தென் சீனாவின் குவாங்டோங் மாகாணத்து விவசாயிகள்.

போகாதே என்ற அரசு

இதில் வேடிக்கை, சீனர்களை வெளியே போகக் கூடாது என்று முதலில் தடுத்தது சீன அரசுதான். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1371இல் தனியார் கடல் பயணத்துக்குத் தடை போட்டார். அடுத்து வந்த சிங் அரசு இன்னும் கடுமை. தைவானைத் தளமாக்கி எதிர்த்துக்கொண்டிருந்த செங் குடும்பத்தாருக்குக் கரையிலிருந்து ஓர் அரிசிமணிகூடப் போகக் கூடாது என்று, 1661இல் தென்கிழக்குக் கடற்கரை மக்களை வீடு வாசலை விட்டு உள்நாட்டுக்குள் துரத்தியது. கிராமங்கள் கொளுத்தப்பட்டன. 1683இல் தைவான் விழுந்த பிறகுதான் தடை தளர்ந்தது. 1717இல் தென்கடல் நாடுகளுக்கு, அதாவது இன்றைய தென்கிழக்காசியாவுக்கு, போக மறுபடி தடை, 1727இல் மறுபடி தளர்வு. அனுமதி இல்லாமல் கடல் கடந்து போய்த் தங்குவது மரண தண்டனைக்குரிய குற்றமாக 19ஆம் நூற்றாண்டு வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

சட்டம் இப்படி இருக்க, ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். ஃபூஜியன் மாகாணம் முழுக்க மலை, விளைநிலம் குறைவு, எதிரே கடல். மணிலா, பத்தாவியா, மலாக்கா, அயுத்தயா எங்கும் சீனக் கடைத்தெருக்கள் உருவாகியிருந்தன. உள்ளூர் அதிகாரிகளுக்கு அது தெரியும், அதில் வருமானமும் இருந்தது.

ஆனால் போனவனுக்கு ஏதாவது ஆனால் அரசு கேட்காது. 1740இல் டச்சுக்காரர்களின் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், சுமார் 10,000 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். பெய்ஜிங் பதிலடி கொடுக்கவில்லை. முன்னோர் கல்லறைகளை விட்டுவிட்டு ஓடிப்போனவர்கள், அவர்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்பதுதான் அரசவையின் மனநிலை. அதைவிடக் கொடுமை, திரும்பி வந்தவனுக்குக் கிடைத்த வரவேற்பு. 1749இல் ஜாவாவிலிருந்து சம்பாத்தியத்தோடும் குடும்பத்தோடும் ஃபூஜியன் திரும்பிய சென் யிலாவ் என்ற வணிகரைப் பிடித்து, சொத்தைப் பறித்து, எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தினார்கள். இந்தச் செய்தி தென்கடல் முழுக்கப் பரவியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஒரு தலைமுறையே திரும்பப் பயந்து அங்கேயே தங்கியது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை தலைகீழானது. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகள் கிடைப்பது நின்றுகொண்டிருந்தது. ஐரோப்பியர்களுக்குக் கூலிகள் தேவை. 1847இலிருந்து 1874 வரை கியூபாவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் 8 ஆண்டு ஒப்பந்தத்தில் ஏற்றுமதி ஆனார்கள். பெருவுக்கும் இன்னொரு பெருங்கூட்டம். ஏமாற்றியும் கடத்தியும் ஆள் பிடித்து, போர்ச்சுகீசியர் வசமிருந்த மக்காவ் துறைமுகக் கிட்டங்கிகளில் அடைத்து வைத்தார்கள். பன்றிக்குட்டி வியாபாரம் என்றுதான் உள்ளூர்க்காரர்கள் அதைச் சொன்னார்கள். கப்பலேற்றும் முன் போர்ச்சுகீசிய அதிகாரி ஒருவர், விருப்பத்தோடுதான் போகிறாயா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவார். தாள் சரியாக இருந்தால் போதும் என்ற நிர்வாக அழகு அப்போதே இருந்திருக்கிறது.

1874இல் சிங் அரசு ஒருவழியாக விழித்துக்கொண்டு, சென் லான்பின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. குழு 1,176 வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. 1,665 பேர் கையெழுத்திட்ட 85 மனுக்களும் வந்தன. சாட்டையடி, பட்டினி, தற்கொலை என்று படிக்கவே முடியாத விவரங்கள். நம் விஷயத்துக்கு முக்கியமான புகார் ஒன்று அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. 8 ஆண்டு முடிந்த பிறகும் முதலாளி 'முடித்துவிட்டான்' என்ற தாளைத் தர மறுப்பார். தாள் இல்லாமல் தெருவில் நடந்தால் காவலர் பிடித்துக்கொண்டு போய் மறுபடி ஒப்பந்தத்தில் தள்ளுவார். சாட்டையைவிட அந்தத் தாள்தான் அவர்களைத் தோட்டத்தில் கட்டிப்போட்டது.

அமெரிக்கா கண்டுபிடித்த பூட்டு

வெளியேறும் உரிமையைச் சீனா தானாகக் கொடுக்கவில்லை. இரண்டாம் அபின் போரில் தோற்ற பிறகு 1860 பெய்ஜிங் உடன்படிக்கையின் 5ஆம் பிரிவில், தன் குடிகள் பிரிட்டிஷ் காலனிகளுக்கு வேலைக்குப் போகலாம் என்று ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டது. 1868இல் அமெரிக்காவோடு பர்லிங்கேம் ஒப்பந்தம். தன் இருப்பிடத்தையும் தன் நாட்டுப் பற்றையும் மாற்றிக்கொள்வது மனிதனிடமிருந்து பிரிக்க முடியாத பிறவி உரிமை என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதும்போது ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது.

பாதை போட்டு முடிந்தது, பொருளாதாரம் படுத்தது, கலிஃபோர்னியாவில் வெள்ளைத் தொழிலாளர் சங்கங்கள் 'சீனனே வெளியேறு' என்று கிளம்பின. பிறவி உரிமை 14 ஆண்டுகூட நிற்கவில்லை.

முதல் அடி பெண்கள்மீது விழுந்தது. 1875 பேஜ் சட்டம் 'ஒழுக்கமற்ற' பெண்களைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டது. அதை நடைமுறைப்படுத்த ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கத் தூதர், கப்பலேற வந்த சீனப் பெண்களைத் துருவித் துருவி விசாரித்தார், அவர்களின் புகைப்படங்களை முன்கூட்டியே சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார். நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வேற்று நாட்டு அதிகாரி முன் நின்று தகுதியை நிரூபிப்பது என்ற வழக்கம் இங்கேதான் வேர் விட்டது. மனைவிகள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. அமெரிக்கச் சீனத் தெருக்கள் பல பத்தாண்டுகளுக்கு ஆண்கள் மட்டுமே வாழும் இடங்களாக இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பின்னால் நடந்த பெரிய மோசடிக்கும் இதுதான் வழி செய்தது.

1882 மே 6ஆம் தேதி சீனர் விலக்குச் சட்டம் வந்தது. தொழிலாளிகளுக்குத் தடை. வணிகர், மாணவர், ஆசிரியர், சுற்றுலாப் பயணி வரலாம், ஆனால் சீன அரசு தந்த சான்றிதழ் வேண்டும். அதில் பெயர், வயது, உயரம், தொழில், உடல் அடையாளங்கள் எல்லாம் இருக்க வேண்டும். 1884 திருத்தம் ஒரு படி மேலே போய், அந்தச் சான்றிதழைப் புறப்படும் ஊரிலுள்ள அமெரிக்கத் தூதர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றது. இன்றைய விசாவின் மூதாதை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அப்புறம் 1892இல் கியரி சட்டம். நாட்டுக்குள் ஏற்கெனவே வாழ்கிற சீனத் தொழிலாளி ஒவ்வொருவரும் பதிவு செய்து, வசிப்புச் சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் நாடு கடத்தல். நியாயமான காரணத்தால்தான் பதிய முடியவில்லை என்று வாதாடலாம், ஆனால் தான் இங்கே வசித்தவன் என்பதற்கு நம்பத்தகுந்த ஒரு 'வெள்ளைக்கார' சாட்சியாவது வேண்டும். சட்டத்தில் அப்படியே அந்தச் சொல் இருக்கிறது. அடுத்த ஆண்டுத் திருத்தத்தில் சான்றிதழில் புகைப்படம் கட்டாயமானது. அமெரிக்கர்களின் சொந்தப் பாஸ்போர்ட்டில் புகைப்படம் கட்டாயமானது 1914 டிசம்பரில்தான். அதாவது சலவைக்கடைச் சீனர் 20 ஆண்டுகளுக்கு முன்பே அந்த அனுபவத்தைப் பெற்றுவிட்டார்.

சீனர்கள் கியரி சட்டத்தை நாய்ப்பட்டைச் சட்டம் என்றார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 'ஆறு கம்பெனிகள்' என்று அறியப்பட்ட ஊர்ச் சங்கங்களின் கூட்டமைப்பு, யாரும் பதியாதீர்கள் என்று அறிவித்து, ஆளுக்கு ஒரு டாலர் வசூலித்து வழக்குப் போட்டது. பெரும்பாலானவர்கள் பதிய மறுத்தார்கள். அவ்வளவு பெரிய ஒத்துழையாமை அதற்கு முன் அமெரிக்காவில் அதிகம் நடந்ததில்லை. 1893இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்னதும் வேறு வழியில்லாமல் வரிசையில் நின்றார்கள்.

மற்ற நாடுகளும் இதைப் பார்த்துப் படித்தன, சில தாமாகவே கண்டுபிடித்தன. கனடா 1885இல் சீனர் தலைக்கு 50 டாலர் வரி விதித்து, 1903க்குள் அதை 500 ஆக்கியது. வரி கட்டிய ரசீதே அடையாள ஆவணம். 1923இல் ரசீதுக்கும் வேலை இல்லாமல் கதவையே மூடியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 1855இல் 10 பவுண்ட் வரி போட்டபோது, சீனர்கள் பக்கத்துக் காலனியின் ரோப் என்ற சிறு துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கி, தங்க வயல்களுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார்கள். 1901இல் அங்கே ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் எழுதச் சொல்லும் தேர்வு வந்தது. எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம், ஆகவே யாரும் தேறப் போவதில்லை. ஊருக்குப் போய்த் திரும்ப நினைத்த உள்ளூர்ச் சீனர், தேர்விலிருந்து விலக்குத் தரும் சான்றிதழ் வாங்க வேண்டும். நேர்முகமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், பின்புறம் கைரேகை. ஆயிரக்கணக்கான அந்தச் சான்றிதழ்கள் ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் 1907இல் ஆசியர்கள் அனைவரும் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்றது. இந்தப் போராட்டத்தைக் காந்தியின் கதையாக மட்டும் படித்திருக்கிறோம். சீனர் சங்கத் தலைவர் லியுங் குவின் அதில் தொடக்கத்திலிருந்தே இருந்தவர். 1908 ஜனவரியில் சிறைக்குள் இருந்தபடி டிரான்ஸ்வால் அமைச்சர் ஸ்மட்ஸுக்கு அனுப்பிய சமரசக் கடிதத்தில் மூன்று கையெழுத்துகள்: காந்தி, லியுங் குவின், தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடு. சமரசம் முறிந்தபின் ஆகஸ்ட் 16ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்பு பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். அடையாளத் தாளை எதிர்த்துத் தமிழரும் சீனரும் ஒன்றாகச் சிறைக்குப் போன கதை நம் பாடப் புத்தகங்களில் இன்னும் கொஞ்சம் இடம் பெறலாம்.

தாளுக்குத் தாள்

அமெரிக்கா போட்ட பூட்டில் ஓர் ஓட்டை இருந்தது. அதைத் திறந்தவர் வோங் கிம் ஆர்க். 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர். 1895இல் சீனா போய்த் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று தடுத்தார்கள். 1898இல் உச்ச நீதிமன்றம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகனே என்று தீர்ப்பளித்தது. குடிமகனின் பிள்ளைகள் சீனாவில் பிறந்தாலும் குடிமக்கள்தான். அப்படியானால், அமெரிக்காவில் பிறந்ததாக நிரூபிக்க முடிந்தால் போதும்.

1906 ஏப்ரல் 18ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து தீ. நகர மன்றக் கட்டடத்தோடு பிறப்புப் பதிவேடுகளும் சாம்பலாயின. இனி யார் வேண்டுமானாலும் 'நான் இங்கேதான் பிறந்தேன், பதிவு எரிந்துபோச்சு' என்று சொல்லலாம். பல ஆயிரம் பேர் சொன்னார்கள். நம்ப வேண்டிய கட்டாயம் நீதிமன்றங்களுக்கு.

அடுத்த கட்டம் இன்னும் சாமர்த்தியமானது. குடியுரிமை பெற்றவர் ஊருக்குப் போய் ஓரிரு ஆண்டு இருந்து திரும்புவார். இறங்கும்போது அதிகாரியிடம், எனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று பதிய வைப்பார். அடுத்த பயணத்தில் இன்னொரு மகன். மகள் பிறப்பதாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு! உண்மையில் பிறந்திருக்கலாம், பிறக்காமலும் இருக்கலாம். கோப்பில் ஓர் இடம் உருவாகிவிட்டது. 15, 20 ஆண்டு கழித்து அந்த இடத்தை உறவுக்காரப் பையனுக்குக் கொடுக்கலாம், அல்லது தரகர் மூலம் விற்கலாம். விலை வயதைப் பொறுத்தது. இப்படி வந்தவர்கள்தான் 'தாள் மகன்கள்'. பையன் தன் குடும்பப் பெயரைக் கரையில் விட்டுவிட்டு, இன்னொருவரின் பெயரோடு கப்பலேறுவான்.

அதிகாரிகளுக்கும் இது தெரியும். ஆதாரம் இல்லை. ஆகவே விசாரணையை ஆயுதமாக்கினார்கள். 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் இது நடந்தது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் ஐரோப்பியர்கள் சில மணி நேரத்தில் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே சீனர்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைபட்டுக் கிடந்தார்கள். கேள்விகள் இந்த மாதிரி: உன் வீட்டிலிருந்து கிணறு எத்தனை தூரம்? வாசலில் எத்தனை படி? உங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார்? அரிசிப் பானை எந்த மூலையில்? பாட்டியின் கால் கட்டப்பட்ட காலா? பையனிடம் கேட்ட அதே கேள்விகளை அப்பாவிடமும், ஏற்கெனவே வந்துவிட்ட 'அண்ணன்'களிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். பதில்கள் பொருந்தாவிட்டால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவார்கள்.

இதற்காகவே பயிற்சி ஏடுகள் இருந்தன. கேள்வியும் பதிலுமாகப் பல பக்கங்கள், சில சமயம் கிராமத்தின் வரைபடத்தோடு. பரீட்சைக்கு நோட்ஸ் உருப்போடுவதுபோல் கப்பலில் மூன்று வாரமும் மனப்பாடம் செய்துவிட்டு, கரை தெரியும்போது கடலில் எறிந்துவிடுவார்கள். இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. உண்மையான மகன்களும் இந்த ஏடுகளைப் படிக்க வேண்டியிருந்தது. சொந்த வீட்டின் படிகளை எண்ணி நினைவு வைத்திருப்பவர் யார்? அப்பாவின் நினைவும் மகனின் நினைவும் ஒன்றாக இருக்கவே முடியாது, ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அந்த அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை.

விளைவு, ஒரு விவசாயச் சமூகத்தைப் பற்றி மிக விவரமான ஆவணங்கள் அமெரிக்க அரசிடம் சேர்ந்தன. குவாங்டோங்கின் தாய்ஷான் பகுதிக் கிராமங்களில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்பது சான் பிரான்சிஸ்கோ அருகிலுள்ள காப்பகத்தில் தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருக்கிறது. பாதி உண்மை, பாதி நன்றாக ஒத்திகை பார்த்த கற்பனை. தடுப்பு முகாமில் அடைபட்டவர்கள் மரச்சுவர்களில் கீறி வைத்த 200க்கும் மேற்பட்ட சீனக் கவிதைகளும் கிடைத்திருக்கின்றன. இடிக்கவிருந்த கட்டடத்தில் 1970இல் ஒரு பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்ததால் தப்பின.

விலக்குச் சட்டம் 1943இல் நீங்கியது. ஜப்பானுக்கு எதிரான போரில் சீனா கூட்டாளி, சட்டத்தை வைத்திருப்பது அசிங்கமாக இருந்தது. ஆண்டுக்கு 105 பேர் வரலாம் என்று ஒதுக்கீடு தந்தார்கள், தாராளம்தான். தாள் மகன்கள் கதை அதோடு முடியவில்லை. பனிப்போர் பயத்தில் 1956இல் ஒப்புதல் வாக்குமூலத் திட்டம் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் நிலைமையைச் சரிசெய்து தருவோம், ஆனால் குடும்பத்தில் இன்னும் யார் யார் பொய்ப் பெயரில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 13,000க்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள், அவர்கள் வாயிலாக இன்னும் 22,000 பேர் அம்பலமானார்கள். ஒருவர் வாய் திறந்தால் ஒரு சங்கிலியே வரும். இடதுசாரிகள் என்று சந்தேகப்பட்டவர்களை வெளியேற்ற இதைப் பயன்படுத்தினார்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கத்துக் கல்லறைகள் சிலவற்றில் ஆங்கிலத்தில் ஒரு குடும்பப் பெயர், சீனத்தில் வேறொன்று இருப்பதன் காரணம் இந்தத் தாள் மகன் கதைதான்.

யாருடைய குடிமகன்?

சிங் அரசு இதற்குள் மனம் மாறியிருந்தது. வெளிநாட்டுச் சீனர்களிடம் பணம் இருக்கிறது என்று கண்டுகொண்டதும் மாற்றம் எளிதாக வந்தது. 1877இல் சிங்கப்பூரில் தூதரகம் திறந்தார்கள். வெளியே போனவர்கள் திரும்புவதைக் குற்றமாக்கிய பழைய தடையை 1893இல் முறைப்படி நீக்கினார்கள். 1909இல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம், சீனத் தகப்பனுக்கு எங்கே பிறந்தாலும் சீனக் குடிமகன் என்றது. ஓடிப்போனவர்கள் என்று கைவிடப்பட்டவர்கள் ஒரே சட்டத்தில் உரிமை கொண்டாடப்படுகிறவர்கள் ஆனார்கள். ஜாவாவில் பிறந்தவர்களை டச்சு அரசு மறுவருடமே தன் பிரஜைகள் என்றது.

சீனர்கள் மிகப் பெரும் எண்ணிக்கையில் போனது அமெரிக்காவுக்கு இல்லை, தென்கிழக்காசியாவுக்குத்தான். அங்கே தாள் தொல்லை தாமதமாக வந்தது. மலாயாவில் உலகப் பொருளாதார மந்தம் வந்த பிறகே சீன ஆண் கூலிகளுக்கு ஒதுக்கீடு வைத்தார்கள், 1933இல் அந்நியர் சட்டம் வந்தது. தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அது அவர்களைத் தொடவில்லை.

சிக்கல் முற்றியது இந்தோனேசியாவில். 1955 ஏப்ரலில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டின்போது சீனப் பிரதமர் சூ என்லாய் அங்கே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்: இரட்டைக் குடியுரிமை இனி இல்லை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1909 கொள்கையைச் சீனா கைவிட்டது இங்கேதான். அண்டை நாடுகளின் சந்தேகத்தைத் தணிக்க அது தேவைப்பட்டது. 1959இல் ஜகார்த்தா, கிராமப்புறங்களில் அந்நியர் சில்லறை வியாபாரம் செய்யக் கூடாது என்றதும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாங்கள் பார்த்தே இராத சீனாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இந்தோனேசியாவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. பள்ளியில் சேர, பாஸ்போர்ட் வாங்க, கல்யாணம் பதிய, குடிமகன் என்று நிரூபிக்கும் தனிச் சான்றிதழ் சீன வம்சாவளியினரிடம் மட்டும் கேட்கப்பட்டது. நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த சூசி சுசாந்தி உள்ளிட்ட பேட்மின்டன் நட்சத்திரங்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2006 குடியுரிமைச் சட்டம்தான் அந்த வேறுபாட்டைச் சட்ட அளவில் நீக்கியது.

மறுபடியும் வாசலில் அரசு

1949க்குப் பிறகு மக்கள் சீனத்தில் சாதாரண ஆளுக்குப் பாஸ்போர்ட் என்பது எட்டாக்கனி. போக நினைத்தவர்கள் ஹாங்காங்குக்கு நீந்தினார்கள். 1985 நவம்பரில் இயற்றிய சட்டம் சொந்த வேலையாக வெளிநாடு போவதை உரிமையாக ஒப்புக்கொண்டது. அப்போதும் வேலை செய்யும் இடத்தின் ஒப்புதல் முதலிய கெடுபிடிகள் இருந்தன. 2002 முதல் நகரம் நகரமாக, அடையாள அட்டை காட்டினால் பாஸ்போர்ட் என்ற முறை வந்தது.

இடைப்பட்ட காலத்தில் ஃபூஜியனில் 'பாம்புத்தலை' என்று அழைக்கப்பட்ட ஆள் கடத்தல்காரர்கள் செழித்தார்கள். 1993 ஜூன் 6ஆம் தேதி கோல்டன் வென்ச்சர் என்ற பழைய சரக்குக் கப்பல் 286 பேரோடு நியூயார்க் கடற்கரையில் தரைதட்டியது. குளிர்ந்த நீரில் குதித்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். ஆளுக்குச் சுமார் 30,000 டாலர் கட்டணம், வந்து சேர்ந்தபின் உணவக வேலையில் பல ஆண்டு உழைத்து அடைக்க வேண்டும். கியூபா ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இதில் ஆள் விரும்பிப் போனார் என்பதுதான் வித்தியாசம், அது பெரிய வித்தியாசம்தான்.

பாஸ்போர்ட் எளிதானதும் அதையே அரசியலாக்க முடிந்தது. 2012இல் வந்த புதிய சீனப் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் தென்சீனக் கடல் முழுக்கச் சீனாவுக்கு என்ற வரைபடம் இருந்தது, அருணாசலப் பிரதேசமும் அதில் சேர்ந்திருந்தது. வியட்நாமும் பிலிப்பைன்ஸும் அந்தப் பக்கங்களில் முத்திரை குத்த மறுத்துத் தனித்தாளில் விசா கொடுத்தன. இந்தியா தன் வரைபடம் அச்சிட்ட விசாவை அதில் ஒட்டிப் பதில் சொன்னது. ஹாங்காங்கில் 1997க்கு முன் பதிந்தவர்களிடம் இருந்த பிரிட்டிஷ் கடல்கடந்த பிரஜைப் பாஸ்போர்ட், பல ஆண்டுகள் வெறும் பயண ஆவணமாகத்தான் கிடந்தது. 2021 ஜனவரி 31 முதல் அதை வைத்து பிரிட்டனில் குடியேறலாம் என்று லண்டன் சொன்னதும், அதே நாளிலிருந்து அதை அங்கீகரிக்க மாட்டோம் என்றது பெய்ஜிங்.

எல்லாவற்றிலும் கடுமை சீனாவின் வடமேற்கிலுள்ள ஷின்ஜியாங்கில். அங்கே உய்குர் முஸ்லிம்களுக்குப் பாஸ்போர்ட் விதிகள் 2015இல் சற்றுத் தளர்ந்தன, நிறையப் பேர் வாங்கினார்கள். 2016 இறுதியில் எல்லோரும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பின்னால் கசிந்த கரகாஷ் மாவட்டப் பட்டியலில், தடுப்பு முகாமில் அடைக்கக் காரணம் என்ற கட்டத்தில் சிலருக்கு எழுதியிருப்பது: பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். வெளிநாடு போகக்கூட இல்லை.

கொரோனா காலத்தில் இது நாடு முழுக்கப் பரவியது. அவசியமற்ற வெளிநாட்டுப் பயணத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துவோம் என்று 2022 மே மாதம் குடிவரவுத் துறை அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்டுப்பாடு தளர்ந்தபோது, விசா கிடைக்காத ஒரு கூட்டம் வேறு வழி தேடியது. தென் அமெரிக்காவின் எக்வடோருக்குச் சீனர்கள் அப்போது விசா இல்லாமல் போக முடிந்தது. அங்கே இறங்கி, பனாமாவின் டாரியன் காட்டைக் கடந்து, மெக்சிகோ வழியாக அமெரிக்க எல்லைக்கு நடை. இணையத்தில் காணொலிக் குறிப்புகள் பார்த்து, நகர நடுத்தர வர்க்கக் குடும்பங்களும் குழந்தைகளோடு கிளம்பின. 2023 நிதியாண்டில் அமெரிக்காவின் தெற்கு எல்லையில் பிடிபட்ட சீனர்கள் 24,000க்கும் மேல். 2024 ஜூலை 1 முதல் எக்வடோர் விசா விலக்கை நிறுத்திவிட்டது.

அதே 2024இல் சீனப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 30 நாள் வரை சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் விசா இல்லாமல் போகலாம் என்ற ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன, மலேசியா அதற்கு முந்தைய மாதங்களிலேயே கதவைத் திறந்திருந்தது. ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைத்துப் போன தென்கடல் ஊர்களுக்கு இப்போது விடுமுறை விமானங்கள் போகின்றன. இன்னொரு பக்கம், சீனாவின் பல பகுதிகளில் அரசு ஊழியர்களோடு பள்ளி ஆசிரியர்களும் தங்கள் பாஸ்போர்ட்டை நிர்வாகத்திடம் கொடுத்து வைக்க வேண்டும் என்ற உத்தரவுகள் பெருகியிருக்கின்றன. பயணம் போக வேண்டுமானால் முதலில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், ஊர் திரும்பியதும் பாஸ்போர்ட்டைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.